எந்தக் கிழமை மூச்சு முட்டும்?

எங்க அப்பா இருபத்திரண்டு வருசம் பஞ்சாலையில் வேலை பார்த்தார். புளோரூம். கட்டுக் கட்டாக வருகிற பஞ்சுப் பேலை உடைத்து, உதறி, மெஷினுக்குள் தள்ளுகிற இடம். ஆலையில் தூசி அதிகம் பறக்கிற இடம் அதுவும் கார்டிங்கும்தான். அவர் வேலை பார்த்த மில்லில் அந்த இரண்டு இடத்திலும் நின்றவர்களில் பாதிப் பேர் எங்க வளவு ஆட்கள். ஷிப்ட் முடிந்து வரும்போது தலைமுடி, புருவம், காதுமடல் எல்லாம் வெள்ளையாக இருக்கும். சின்னப் பிள்ளைகளான எங்களுக்கு அது வேடிக்கை. "அப்பா கெழவனாயிட்டாரு" என்று சிரிப்போம்.

ஆறு நாள் வேலை, ஒரு நாள் லீவு. லீவு முடிந்து வேலைக்குப் போன அன்றைக்குச் சாயங்காலம் மட்டும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். "நெஞ்சு மேல அம்மிக்கல்லத் தூக்கி வெச்ச மாதிரி இருக்குது" என்பார். மறுநாள் கொஞ்சம் தேவலை. அதற்கும் மறுநாள் ஒன்றுமில்லை. அடுத்த லீவு வரும், அடுத்த நெஞ்சடைப்பு வரும். அம்மா ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்: "உங்கொப்பனுக்கு ஓய்வு ஒத்துக்கறதில்ல." அதை நம்பி அவர் லீவு நாளிலும் கல் சுமக்கப் போனார்.

சில வருசம் கழித்து எல்லா நாளும் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே முக்கியமில்லை. டாக்டர் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்: "ஏப்பா, பீடி குடிப்பியா?"

"குடிப்பனுங்க சாமி."

"அப்புறம் எப்படி மூச்சு நிக்கும்?"

அவ்வளவுதான் பரிசோதனை. சீட்டில் ஆஸ்துமா என்று எழுதினார். அப்பா சாகிற வரைக்கும் அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தார். என்ன வேலை என்று டாக்டர் கேட்கவில்லை. எந்த நாளில் அதிகம் என்றும் கேட்கவில்லை.

*

அந்த நோய்க்குப் பெயர் பிசினோசிஸ். பஞ்சுத் தூசியால் வருகிற நுரையீரல் நோய். பல வருசம் கழித்து ஒரு நூலகத்தில் வேறு எதையோ தேடும்போது தற்செயலாகப் படித்தேன். லீவு முடிந்த முதல் நாளில் நெஞ்சு இறுகுவதுதான் அதன் முதல் அடையாளம் என்று எழுதியிருந்தது. மேலைநாடுகளில் ஞாயிற்றுக்கிழமை லீவு என்பதால் 'திங்கட்கிழமைக் காய்ச்சல்' என்று தொழிலாளர்கள் பெயர் வைத்திருந்தார்கள். படித்துவிட்டு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எங்கம்மா கண்டுபிடித்தது சரி, காரணம்தான் தவறு. ஓய்வு அவரைக் கெடுக்கவில்லை. ஓய்வுக்குப் பிறகு உள்ளே போன தூசி கெடுத்தது.

இந்த நோயைக் கண்டுபிடித்தது யார்? மருத்துவ வரலாறு டாக்டர்களின் பெயர்களைத்தான் சொல்லும். 1845இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரத்தில் மாரெஸ்கா, ஹேமன் என்ற இரண்டு மருத்துவர்கள் ஆலைத் தொழிலாளர்கள் சொன்னதை எழுதி வைத்தார்கள். திங்கட்கிழமைதான் மோசம் என்று சொன்னது தொழிலாளி, எழுதியது டாக்டர். 1950களில் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளில் ரிச்சர்ட் ஷில்லிங் என்ற மருத்துவர் அதே விஷயத்தை ஒரு கேள்விப் பட்டியலாக்கினார். வேலைக்குத் திரும்பின முதல் நாளில் நெஞ்சு இறுகுகிறதா? முதல் நாள் மட்டுமா, மற்ற நாளுமா? இதை வைத்தே நோயைப் படிப்படியாகப் பிரித்தார். பெரிய எந்திரமெல்லாம் வேண்டியிருக்கவில்லை. எதிரில் உட்கார்ந்திருப்பவனின் வேலை என்ன என்று கேட்கிற மனசு வேண்டியிருந்தது.

பிரிட்டனில் 1940களின் தொடக்கத்திலேயே இந்த நோய்க்கு நஷ்டஈடு கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதே வெள்ளைக்காரர்களின் ஆட்சியில், 1888இல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கி, 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு வரிசையாக ஆலைகள் எழும்பிய ஊர் கோயம்புத்தூர். லங்காஷயர் தொழிலாளியின் நுரையீரலில் போன தூசிதான் நம் ஆளின் நுரையீரலிலும் போனது. ஆனால் இந்த நோய் இந்தியாவில் இல்லை, இருந்தாலும் அபூர்வம் என்ற பேச்சு வெகுகாலம் ஓடியது. தேடாதவன் கண்ணுக்கு நோய் தெரியாது. 1989இல் அகமதாபாத் ஆலைகளில் பரிக் என்பவரும் அவருடைய குழுவினரும் தேடிப் பார்த்தபோது, புளோரூமில் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பேருக்கும் கார்டிங்கில் 38 பேருக்கும் இருந்தது. அபூர்வமாம்!

சட்டத்தில் இடமில்லையா என்றால், இருக்கிறது. 1948ஆம் வருசத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்குத் தெரிவித்தே தீரவேண்டிய நோய்களில் பிசினோசிஸும் ஒன்றாக இருந்தது. ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலும் பஞ்சுத் தூசி நோய் இருந்தது. அந்த ஈ.எஸ்.ஐ.யின் விதை எங்கே விழுந்தது என்பதை நம் மாணவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். 1942 முதல் 1946 வரை வைசிராய் கவுன்சிலில் தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்தவர் பாபாசாகேப். அவர் காலத்தில்தான் 1944இல் அதார்க்கர் அறிக்கை வந்தது.

சட்டம் இருந்தும் சீட்டில் ஏன் ஆஸ்துமா? விஷயம் எளிது. ஆஸ்துமா என்று எழுதினால் நோய் அப்பாவுடையது, அவர் பீடியுடையது. பிசினோசிஸ் என்று எழுதினால் நோய் முதலாளியுடையது. ஒரு வார்த்தையில் கடன் கைமாறிவிடும். அந்த வார்த்தையை எழுதத் துணிகிறவன் வேண்டும், எழுதும்படி கேட்கத் தெரிந்தவனும் வேண்டும். இரண்டு பேருமே அந்த அறையில் இல்லை.

*

இன்றைக்குக் கோவையை மருத்துவ நகரம் என்கிறார்கள். அவிநாசி ரோட்டில் போனால் ஆஸ்பத்திரிக் கட்டடங்கள் மில் புகைக்கூண்டுகளை மறைத்து நிற்கின்றன. மில் இருந்த இடத்திலேயே ஆஸ்பத்திரி முளைப்பதும் உண்டு. இதயம், மூளை, கண், புற்றுநோய் என்று ஒவ்வொரு துறையிலும் புதிய ஆராய்ச்சி, புதிய சிகிச்சை, பொன்னாடை போட்ட படம். நான் அதைக் கேலி செய்யவில்லை. மருந்தும் ஆராய்ச்சியும் நமக்கு வேண்டும், மற்ற எல்லாரையும்விட நமக்குத்தான் அதிகம் வேண்டும். நம் பிள்ளைகள்தான் முன்னால் சாகிறார்கள்.

நம் தோழர்களில் சிலர், "சயின்ஸுக்கு ஏதுங்க சாதி? காசநோய்க் கிருமி சாதி பார்த்தா வருது?" என்கிறார்கள். வேறு சிலர், "இங்கிலீஷ் மருத்துவமே ஒரு அதிகாரம், உடம்பைக் கண்காணிக்கிற வன்முறை" என்று ஒரேயடியாகத் தள்ளிவிடுகிறார்கள். இரண்டு கூட்டத்தோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. கிருமி சாதி பார்க்காது. ஆனால் கிருமி வாழ்கிற வீட்டின் அகலத்தையும், அந்த வீட்டுச் சோற்றுப் பானையின் அளவையும் சாதி தீர்மானிக்கிறது. இரண்டாவது கூட்டத்துக்குச் சொல்வது: எங்க அப்பாவை மருத்துவம் கண்காணித்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். மருத்துவம் அவரைப் பார்க்கவே இல்லை.

ஓர் ஆராய்ச்சியின் பின்னால் மூன்று பேர் இருக்கிறார்கள். கேள்வி கேட்பவர், காசு கொடுப்பவர், உடம்பு கொடுப்பவர். செய்தியில் முதல் ஆள் வருகிறார். சின்ன எழுத்தில் இரண்டாம் ஆள் வருகிறார். மூன்றாம் ஆள் ஓர் எண்ணாக வருகிறார். நாம் பெரும்பாலும் மூன்றாம் ஆள்.

*

மூன்றாம் ஆளின் கதைக்கு உலகமே அறிந்த உதாரணம் நம் சென்னையிலேயே இருக்கிறது. 1956இல் ஐ.சி.எம்.ஆர்., சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் ஒன்றைத் தொடங்கின. இன்றைக்குச் சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று இருப்பது அதுதான். வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் வழிநடத்தினார். சென்னையின் ஏழை நோயாளிகள் இருநூறுக்கும் குறைவானவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்குச் சானடோரியத்தில் படுக்கை, ஓய்வு, பால், முட்டை. பாதிப் பேருக்கு அதே மாத்திரை, ஆனால் அவரவர் குடிசையில், அவரவர் கஞ்சியோடு. ஒரு வருசம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு குணம். 1959இல் முடிவு வெளியானது. கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதல் ஆபத்து இல்லை என்று அடுத்த வருசம் தெரிந்தது.

உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டன. வீட்டிலேயே சிகிச்சை என்ற முறை வந்தது. கோடிக்கணக்கான ஏழைகள் அதனால் பிழைத்தார்கள், சந்தேகமில்லை. குடிசைவாசி ஒழுங்காக மாத்திரை சாப்பிடுவான் என்று நிரூபித்ததும் சின்ன விஷயமில்லை. ஆனால் அந்த முடிவை அதிகாரம் எப்படி வாசித்தது என்று பாருங்கள். 'சோறு இல்லாவிட்டாலும் மாத்திரை வேலை செய்யும்' என்பது ஆராய்ச்சியின் முடிவு. 'சோறு கொடுக்க வேண்டியதில்லை' என்பது அதிகாரத்தின் முடிவு. முதலாவது நோயாளியைப் பற்றியது, இரண்டாவது கஜானாவைப் பற்றியது. சானடோரியத்தில் இருந்தவர்கள் அதிக எடை போட்டார்கள் என்பதும் அதே ஆராய்ச்சியில் பதிவாகித்தான் இருக்கிறது. அது யார் கண்ணிலும் படவில்லை.

சோறு ஆராய்ச்சிக்குள் திரும்பி வர அறுபது வருசத்துக்கு மேல் ஆனது. அனுராக் பார்கவா, மாதவி பார்கவா என்ற மருத்துவர்கள் ஜார்கண்டின் நான்கு மாவட்டங்களில், பெரும்பாலும் ஆதிவாசிகள் நடுவில், 2,800 காசநோயாளிகளையும் அவர்கள் வீட்டார் 10,345 பேரையும் வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். நோயாளிகள் எல்லாருக்கும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். வீட்டாரில் ஒரு பகுதியினருக்கு மட்டும் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, ஊட்டச்சத்து மாத்திரை. 2023 ஆகஸ்டில் லான்செட் இதழில் முடிவு வந்தது. உணவு கிடைத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. கிருமி உறுதி செய்யப்பட்ட நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. அரிசியும் பருப்பும்தான், தோழர்களே. ஒரு புதிய தடுப்பூசி இந்த அளவு வேலை செய்திருந்தால் அதைக் கண்டுபிடித்தவருக்கு ஊர்வலமே நடத்தியிருப்பார்கள்.

தமிழ்நாட்டிலும் 2022இல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்று ஒன்று தொடங்கியது. நோயாளியின் எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன், தாங்கிப் பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா, இவ்வளவும் முதலிலேயே பார்த்து, ஆபத்தில் இருப்பவரை உடனே ஆஸ்பத்திரியில் சேர்ப்பது. எலும்பும் தோலுமாக வருகிறவன்தான் முதலில் சாகிறான் என்ற அறிவுதான் அடிப்படை. நல்ல திட்டம். ஆனால் அவன் ஏன் எலும்பும் தோலுமாக வந்தான் என்ற கேள்வி அதற்கு முந்தைய கேள்வி. மத்திய அரசு 2018 முதல் காசநோயாளிக்கு மாதம் 500 ரூபாய் கொடுத்து, 2024 நவம்பரில் அதை 1,000 ஆக்கியிருக்கிறது. காந்திபுரம் மெஸ்ஸில் இரண்டு வேளை சாப்பிடுகிற மாணவர்கள் அந்தக் காசு எத்தனை நாளைக்கு வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

*

உடம்பு கொடுப்பவனிடம் சம்மதம் கேட்கவேண்டும் என்பது விதி. 2009இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வில் ஆயிரக்கணக்கான சிறுமிகளுக்கு ஊசி போட்டார்கள். நிறையப் பேர் அரசு விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள். பெற்றோர் போடவேண்டிய கையெழுத்தை விடுதி வார்டன் போட்டிருந்தார். 2010இல் ஆய்வு நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. அந்தக் காலத்தில் நேர்ந்த மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றே விசாரணைக் குழு சொன்னது. அந்தத் தடுப்பூசி நல்லது, நம் பெண்பிள்ளைகளுக்கு வேண்டும். கேள்வி ஊசியைப் பற்றியது அல்ல. பணக்காரர் பிள்ளைகள் படிக்கிற கான்வென்ட்டில் வார்டன் கையெழுத்துப் போட்டிருப்பாரா?

எங்க வளவுக்கும் ஒருமுறை வெள்ளைக் கோட்டுப் போட்ட மாணவர்கள் வந்தார்கள். ஆராய்ச்சியாம். ரத்தம் எடுத்தார்கள். படிவம் இங்கிலீஷில். விளக்கம் தமிழில். எங்கள் கிழவிகள் வீட்டில் பேசுவது தெலுங்கு. "கைநாட்டு வைங்க பாட்டி, உங்க நல்லதுக்குத்தான்." வைத்தார்கள். ரத்தத்தில் என்ன இருந்தது என்று சொல்ல யாரும் திரும்பி வரவில்லை. ஒரு பாட்டி கொஞ்ச நாள் கேட்டுக்கொண்டே இருந்தாள்: "அந்தப் புள்ளைக வரலயா கண்ணு?" அவள் கோபப்படவில்லை. எனக்குத்தான் இன்னும் கோபம் தீரவில்லை.

முடிவு திரும்பி வந்தாலும் யாரும் கேட்பதில்லை என்பதற்கு இன்னொரு கதை இருக்கிறது. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் மாதவ் கோயலும் கூட்டாளிகளும் விசாரித்து 2002இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எழுதினார்கள். 96 சதவீதம் பேர் கடனை அடைக்க விற்றவர்கள். விற்ற பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 86 சதவீதம் பேருக்கு உடம்பு முன்னைவிட மோசம். கடனும் தீரவில்லை, காசும் நிற்கவில்லை, உடம்பும் போனது. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? இருபத்து மூன்று வருசம் கழித்து, 2025இல், நம் நாமக்கல் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரகம் விலைபோன விவகாரம் வெடித்தது, உயர்நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. தரகரைப் பிடிப்பது போலீஸ் வேலை. தறிக்காரன் கழுத்தில் கிடக்கிற கடனைப் பிடிப்பது யார் வேலை?

*

சாதியை நேரடியாகக் கேள்வியாக்கின ஆராய்ச்சிகளும் இப்போது வர ஆரம்பித்திருக்கின்றன. சங்கீதா வியாஸ், பாயல் ஹாத்தி, ஆசிஷ் குப்தா மூவரும் ஒன்பது மாநிலங்களின் கணக்கை வைத்து 2022இல் எழுதினார்கள். உயர்சாதி இந்துக்களைவிடத் தலித்துகளின் ஆயுள் மூன்று வருசத்துக்கு மேல் குறைவு, ஆதிவாசிகளின் ஆயுள் நான்கு வருசத்துக்கு மேல் குறைவு. வசதி வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தாலும் இடைவெளி முழுக்க மறையவில்லை. ஏழ்மைதான் காரணம், சாதி இல்லை என்பவர்களுக்கு இது பதில். அந்த ஒன்பதில் தமிழ்நாடு இல்லை. 'பெரியார் மண்' என்று சொல்லிக்கொள்கிற நமக்கு நம் கணக்கு தெரியவேண்டாமா? சேரி ஆள் எத்தனை வயதில் சாகிறான், ஊர் ஆள் எத்தனை வயதில் சாகிறான் என்று கொங்கு மண்டலத்தில் எண்ணிப் பார்க்க யாருக்குத் தைரியம்?

கேள்வி கேட்கிற நாற்காலியில் நம் ஆள் உட்கார்ந்தால்தான் இந்தக் கேள்வி எழும். அந்த நாற்காலிக்குப் போகிற வழியில் என்ன நடக்கிறது என்பதும் தெரிந்ததுதான். 2007இல் தோரட் குழு, டெல்லி எய்ம்ஸில் நம் மாணவர்கள் எப்படி ஒதுக்கப்படுகிறார்கள் என்று எழுதி வைத்தது. 2019 மே மாதம் மும்பையில் பாயல் தட்வி என்ற ஆதிவாசி மருத்துவ மாணவி தற்கொலைக்குத் தள்ளப்பட்டார். அதையும் மீறி நம் பிள்ளைகள் போகிறார்கள். 2009இல் அருந்ததியர் உள் ஒதுக்கீடு 3 சதவீதம் வந்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்சநீதிமன்றம் உள் ஒதுக்கீடு செல்லும் என்றது. குப்பை அள்ளுகிறவர், பஞ்சு உதறுகிறவர் பிள்ளைகள் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் ஏறத் தொடங்கியிருக்கிறது.

அவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. தம்பி, தங்கச்சி, எம்.டி. படிக்கிறபோது ஓர் ஆய்வேடு எழுதியே ஆகவேண்டும். தலைப்பைப் பேராசிரியர் கொடுப்பார், சுலபமானதைக் கொடுப்பார். ஒரே ஒருமுறை நீங்களாக ஒரு தலைப்பைக் கேளுங்கள். சிங்காநல்லூரிலும் பல்லடத்திலும் ரிட்டயர் ஆன மில்லுக்காரர்கள் திண்ணையில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது மில்லுக்குள் நிற்பது வடக்கிலிருந்து வந்த பையன்களும் விடுதியில் அடைபட்ட பெண்பிள்ளைகளும். ஊதிப் பார்க்கிற கருவி உங்கள் துறையிலேயே இருக்கிறது. ஷாங்காயில் 1981இல் தொடங்கிய ஓர் ஆய்வு, பஞ்சாலைத் தொழிலாளர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தது. தூசியை விட்டு வெளியே வந்தால் நுரையீரல் கொஞ்சமாவது தேறும் என்று அது காட்டியிருக்கிறது. அதாவது சரியான நேரத்தில் கேட்டால் ஆளைக் காப்பாற்றலாம்.

இயக்கத் தோழர்களுக்கும் வேலை இருக்கிறது. மருந்துச் சோதனை நடக்கிற இடத்தில் நெறிமுறைக் குழு இருக்கவேண்டும். அதில் மருத்துவம் சாராத பொதுஆள் ஒருவர் இருக்கவேண்டும் என்று 2019 விதிகள் சொல்கின்றன. நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் அந்தப் பொதுஆள் யார்? சேரியில் அவருக்கு யாரையாவது தெரியுமா? கேளுங்கள், எழுதிக் கேளுங்கள். வளவுக்குள் ரத்தம் எடுக்க வருகிறவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: படிவம் எங்கள் பாஷையில் இருக்கிறதா? முடிவை எப்போது கொண்டுவந்து சொல்வீர்கள்? நோய் இருந்தால் மருந்து யார் கொடுப்பார்கள்? பதில் வந்தால் கையை நீட்டுவோம். வராவிட்டால் மடக்கிக்கொள்வோம்.

அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களில் 1975இல் மூச்சு வாங்குகிற மில் தொழிலாளர்களே 'பழுப்பு நுரையீரல் சங்கம்' என்று ஒன்றைக் கட்டினார்கள். 1978இல் அந்த நாட்டு அரசு பஞ்சுத் தூசிக்கு அளவு வரம்பு போட்டது. முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள், 1981இல் தோற்றார்கள். மூச்சு விட முடியாதவர்கள் கூட்டம் போட்டு ஜெயித்தார்கள். 1946இல் சின்னியம்பாளையத்துத் தோழர்கள் நால்வரைத் தூக்கில் கொடுத்த கோவைத் தொழிலாளிக்குச் சங்கம் என்றால் என்னவென்று யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கூலிக்காகப் போராடினோம், போனஸுக்காகப் போராடினோம். நுரையீரலுக்காகவும் போராடியிருக்கவேண்டும்.

எங்க அப்பாவின் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் எழுதியிருப்பதை மாற்ற முடியாது. ஆனால் இன்றைக்கும் கொங்கு நாட்டில் ஏதோ ஒரு ஆஸ்பத்திரி வரிசையில் ஒரு புளோரூம் ஆள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அவனுக்கு எதிரில் உட்காரப்போவது நம் பிள்ளைகளில் ஒருவராக இருக்கலாம். நிமிர்ந்து பாருங்கள். "வாங்க, உட்காருங்க" என்று சொல்லுங்கள். என்ன வேலை என்று கேளுங்கள். எந்தக் கிழமை மூச்சு முட்டும் என்று கேளுங்கள்.